14 வருஷம் கழித்து ஊர் திரும்புகிறவன் கடைசியில் சாகத்தான் வேண்டுமா?

மசிப்பேனா:
வணக்கம். ஒரு கிரைம் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாவல் என்று ஆரம்பித்தது, இப்போது வெப் சீரிஸ் வடிவத்துக்குப் போய்விட்டது. கதை இதுதான். இருபத்து மூன்று வயதில் ஒருத்தன் இரண்டு கூட்டாளிகளோடு ஒரு கிடங்கில் கொள்ளையடிக்கப் போகிறான், காவலாளி விழித்துக்கொள்கிறார், இவன் கையில் இருந்த கம்பியால் அடிக்கிறான், அவர் செத்துப்போகிறார். மற்ற இருவரும் தப்பிவிட இவன் மட்டும் மாட்டுகிறான். யாரையும் காட்டிக்கொடுக்காமல் 14 வருஷம் உள்ளே இருந்துவிட்டு ஊருக்கு வருகிறான். அம்மா இல்லை. தம்பி மனைவி பிள்ளைகளோடு அதே வீட்டில் இருக்கிறான். கூட்டாளிகளில் ஒருத்தன் இன்று ஊரின் பெரிய புள்ளி. செத்துப்போன காவலாளியின் மகளுக்கு இப்போது இருபது வயது, அந்தப் பெரிய புள்ளியிடமே கணக்கு எழுதுகிறாள். அவனுடைய கள்ளக்கணக்கு அவள் கண்ணில் பட்டுவிடுகிறது, அவளைத் தீர்த்துக்கட்ட நம்ம ஆளையே ஏவுகிறார்கள். அவன் அவளைக் காப்பாற்றிவிட்டு உயிரை விடுகிறான். சாகிற நேரத்தில்தான் இவன் யார் என்று அவளுக்குத் தெரிகிறது, அவனுடைய கண்களை மூடிவிடுகிறாள்.

படித்துப் பார்த்தவர்கள் எல்லாரும் முடிவு நன்றாக இருக்கிறது, நடுவில்தான் இழுக்கிறது என்கிறார்கள். எங்கே வெட்டலாம்?

ராத்திரி ஷோ:
நல்ல முடிச்சு. கொன்றவனையே அந்தப் பெண்ணைக் கொல்ல அனுப்புவது பயங்கரமான ஐடியா. ஆனால் 'கடைசியாக ஒரே ஒரு வேலை செய்துகொடு' என்று பழைய கூட்டாளி கூப்பிடுவது இருக்கிறதே, அது இந்த வகைக் கதைகளில் தேய்ந்துபோன பாதை, நாலாவது எபிசோடிலேயே எல்லாருக்கும் எட்டாவது தெரிந்துவிடும். அவன் சாகப்போவதும் தெரிந்துவிடும். அது தப்பு என்று சொல்லவில்லை. 1993இல் வந்த 'கார்லிட்டோஸ் வே' படத்தில் அல் பசினோ குண்டடிபட்டுக் கிடப்பதில்தான் படமே ஆரம்பிக்கும். 30 வருஷத் தண்டனையில் 5 வருஷம் முடிந்ததும் வக்கீலின் சாமர்த்தியத்தால் வெளியே வந்தவன் அவன். சாவை முதலிலேயே கையில் கொடுத்துவிட்டதால், சாவானா என்று நாம் பார்ப்பதில்லை, எந்த இடத்தில் அவன் வேறு மாதிரி முடிவெடுத்திருக்கலாம் என்றுதான் ஒவ்வொரு காட்சியிலும் தேடிக்கொண்டிருப்போம். நீங்கள் சாவைக் கடைசிக்கு ஒளித்து வைத்திருக்கிறீர்கள். ஒளித்து வைக்கிற அளவுக்கு அது புதுசு இல்லை, அதுதான் பிரச்சினை.

அந்தி வாசகி:
வெட்டுவதைப் பற்றி அப்புறம் பேசலாம். எனக்கு அந்த மகள்தான் இடிக்கிறாள். அவள் இந்தக் கதையில் என்ன செய்கிறாள் என்று யோசித்துப் பாருங்கள். கணக்கைக் கண்டுபிடிக்கிறாள், ஆபத்தில் மாட்டுகிறாள், காப்பாற்றப்படுகிறாள், கண்ணை மூடுகிறாள். அவளுடைய அப்பாவைக் கொன்றவனுக்கு நிம்மதி கிடைப்பதற்காகவே அவளை வளர்த்து, வேலைக்கு அனுப்பி, சாவின் விளிம்புவரை கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறீர்கள். ஒரு உயிரை எடுத்தான், ஒரு உயிரைக் காப்பாற்றினான், கணக்கு நேராகிவிட்டது. அந்தக் கணக்கைப் போட்டது யார்? அவளா? அவளிடம் யாரும் கேட்கவே இல்லையே! ஆறு வயதில் அப்பா போனபிறகு அந்த வீட்டில் யார் சம்பாதித்தார்கள், அவளுடைய அம்மா அந்த வழக்கு நடந்த வருஷங்களில் எப்படி இருந்தாள், தீர்ப்பு வந்த அன்று அவர்களுக்கு நிம்மதியாக இருந்ததா, ஒன்றும் இல்லை. நடுப்பகுதி இழுக்கிறது என்று சொல்பவர்கள் இதைத்தான் வேறு வார்த்தையில் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். அங்கே இருக்க வேண்டிய ஆள் இல்லாததால்தான் காலியாகத் தெரிகிறது.

கடைசி வரிசை:
மேடம் சொல்வது சரி. இருந்தாலும் ஒன்றுக்காக மசிப்பேனாவைப் பாராட்டியே ஆக வேண்டும். அடித்தது ஹீரோதான். நம்ம ஊர் சினிமாவில் ஜெயிலுக்குப் போகிறவன் பெரும்பாலும் தப்பே செய்திருக்க மாட்டான், செய்திருந்தாலும் தங்கச்சிக்காகவோ பெண்டாட்டிக்காகவோ செய்திருப்பான். 'மகாநதி' (1994) எவ்வளவு பெரிய படம், இன்றைக்குப் பார்த்தாலும் வயிறு கலங்கும், ஆனால் அதில் கமல் ஏமாற்றப்பட்டு உள்ளே போகிற அப்பாவி. வெளியே வந்ததும் சிதறிப்போன குடும்பத்தைத் தேடுகிறார், மகளைக் கல்கத்தாவில் சோனாகாச்சியில் கண்டுபிடிக்கிறார். நாம் அழுவது அவருக்கு நடந்த அநியாயத்துக்காக. அவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, ஊர்தான் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். உங்கள் ஆள் நிஜமாகவே ஒருத்தரைக் கொன்றவன். தயவுசெய்து கடைசி எபிசோடில் ஒரு பிளாஷ்பேக்கைப் போட்டு, காவலாளிதான் முதலில் கத்தியை எடுத்தார் என்று அவனைக் கழுவிவிடாதீர்கள்.

மசிப்பேனா:
@கடைசி வரிசை, அப்படி ஒரு பிளாஷ்பேக் இருக்கிறது :) கத்தி இல்லை, ஆனால் அடித்தது இவனா இன்னொருத்தனா என்று ஏழாவது எபிசோடில் சந்தேகம் வருகிற மாதிரி. பார்க்கிறவர்களுக்கு அவன்மீது ஒட்டுதல் வர வேண்டுமே, எட்டு மணிநேரம் ஒரு கொலைகாரனோடு யார் உட்கார்ந்திருப்பார்கள்?

கடைசி வரிசை:
உட்காருவார்கள். குற்றம் செய்தவனைப் பார்க்கத்தானே கிரைம் கதைக்கு வருகிறார்கள். 2008இல் ஒரு பிரெஞ்சுப் படம் வந்தது, ஆங்கிலத்தில் 'ஐ ஹேவ் லவ்டு யூ ஸோ லாங்'. சொந்த மகனைக் கொன்றதற்காக 15 வருஷம் உள்ளே இருந்த பெண் தங்கை வீட்டுக்கு வந்து தங்குகிறாள். கிரிஸ்டின் ஸ்காட் தாமஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கலாம், தங்கையின் கணவன் குழந்தைகளை அவளோடு தனியாக விடப் பயப்படுகிற இடமெல்லாம் அப்படி இருக்கும். கடைசியில் பையனுக்குத் தீராத நோய், வேதனைப்பட விடக்கூடாது என்று செய்தாள் என்று வரும் (கதை தெரியக்கூடாது என்பவர்கள் மன்னிக்கவும், படம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது). அந்த நிமிஷம் எனக்குப் படத்திலிருந்து காற்றுப் போய்விட்டது. அதுவரை அவளை என்ன செய்வது என்று தெரியாமல் தவித்தோம், அதன்பிறகு பாவம் என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். சந்தேகத்தை வைத்து அவனைக் காப்பாற்றினால் உங்களுக்கும் அதுதான் நடக்கும்.

பழைய ரீல்:
இந்தப் பேச்சுக்கெல்லாம் தாத்தா 1862லேயே வந்துவிட்டார். விக்தர் ஹியூகோவின் 'லே மிசராப்ள்' நாவலின் நாயகன் ழான் வல்ழான், ரொட்டி திருடியதற்கு 5 வருஷம், தப்பிக்கப் பார்த்ததற்குச் சேர்த்து மொத்தம் 19 வருஷம். சுத்தானந்த பாரதியார் அதை 'ஏழை படும் பாடு' என்று தமிழாக்கினார், 1950இல் நாகையா நடித்துப் படமாகவும் வந்தது. அவனைத் துரத்துகிற இன்ஸ்பெக்டர் ஜாவராக நடித்த சீதாராமனுக்கு 'ஜாவர் சீதாராமன்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. எல்லாருக்கும் நினைவிருப்பது பாதிரியார் வெள்ளி மெழுகுவர்த்தித் தண்டுகளைக் கொடுத்து மன்னித்து அனுப்புகிற காட்சி. அதற்கு அடுத்து வருவதை யாரும் சொல்வதில்லை. மன்னிப்பு வாங்கிக்கொண்டு வெளியே வந்தவன் அதே நாளில் வழியில் ஒரு சின்னப் பையனுடைய காசின்மீது காலை வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறான். பையன் அழுதுகொண்டே ஓடிவிடுகிறான். பிறகுதான் இவனுக்கு உறைக்கிறது, பெயரைக் கூவிக்கொண்டே தேடுகிறான், பையன் கிடைக்கவே மாட்டான். அந்தக் காசைக் கடைசிவரை திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

என்னைக் கேட்டால் ஹியூகோவின் மூளை அந்த இடத்தில்தான் இருக்கிறது. மன்னிப்புக் கிடைத்தவுடன் ஆள் மாறவில்லை, மன்னிப்புக் கிடைத்த பிறகும் ஒரு அற்பத்தனத்தைச் செய்துவிட்டு, அதைச் சரிசெய்ய ஆளே இல்லாமல் நிற்கும்போதுதான் மாறுகிறான். மசிப்பேனா, உங்கள் ஆள் வெளியே வந்தபிறகு செய்கிற தப்பு எது? கதைச்சுருக்கத்தில் ஒன்றுமே இல்லையே. உள்ளேயே புனிதனாகி வந்துவிட்டான்.

முன்கோபி:
சரிதான், கிளாஸ் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பாஸ், இது வெப் சீரிஸ். 'கைதி' பார்த்தீர்கள்தானே, 10 வருஷம் உள்ளே இருந்தவன், மகள் முகத்தைப் பார்த்ததே இல்லை, பாட்டுக் கிடையாது, மொத்தக் கதையும் ஒரே இரவு. தியேட்டர் அதிர்ந்தது. அவன் மனம் திருந்தினானா என்று யாராவது உட்கார்ந்து விசாரித்தார்களா? லாரியை ஓட்டினான், அடித்தான், மகளைப் பார்த்தான். நடுப்பகுதியைத் தூக்கிவிட்டு எல்லாவற்றையும் இரண்டு நாளுக்குள் அடக்குங்கள். இழுவை தானாகப் போய்விடும்.

அந்தி வாசகி:
கைதி எனக்கும் பிடிக்கும். ஆனால் அது வீட்டுக்குப் போகிற வழியைப் பற்றிய படம். இவர் எழுதுவது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததற்கு அப்புறம். வழியில் எதிரிகள் வருவார்கள், அடிக்கலாம். வீட்டுக்குள் தம்பி மனைவி சோற்றைப் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள், அவளை என்ன செய்வது?

நடு வாசல்:
நான் எழுதுவதில்லை, படிப்பதோடு சரி. ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒருவர், எனக்குப் பெரியப்பா முறை, அடிதடி வழக்கில் சில வருஷங்கள் உள்ளே இருந்துவிட்டு வந்தார். அதனால் சொல்கிறேன். உங்கள் கதையில் அவன் வந்த அன்றே மழை, இருட்டு, பழைய எதிரி என்று ஆரம்பிக்கும்போலத் தெரிகிறது. பெரியப்பா வந்தபோது அப்படி ஒன்றும் இல்லை. கதவு முன்னால் போய் நிற்பார். திறந்துதான் இருக்கும், தள்ளினால் போதும், ஆனாலும் யாராவது வந்து திறக்கட்டும் என்று நிற்பார். சாப்பாடு போட்டால் தட்டைச் சுற்றிக் கையை வைத்துக்கொண்டு ரெண்டு நிமிஷத்தில் முடித்துவிடுவார். விளக்கை அணைத்தால் தூக்கம் வராது. என்ன வேண்டும் என்று கேட்டால் கோபம் வரும், எதையாவது கொடுத்தால் பேசாமல் வாங்கிக்கொள்வார். அவருக்கு ஊர் செய்த கொடுமை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். அவர் உள்ளே வந்ததும் பேச்சை மாற்றினார்கள், அவ்வளவுதான். என் அம்மா நகையை எடுத்து வேறு இடத்தில் வைத்ததை அவர் பார்த்துவிட்டார். அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது என்று கிளம்பிவிட்டார், வேலை எதுவும் இல்லை என்று பின்னால்தான் தெரிந்தது.

தம்பியைப் பற்றி எழுதுங்கள். உங்கள் சுருக்கத்தில் தம்பிக்கு ஒரு வரிதான் இருக்கிறது. அண்ணன் செய்ததற்கு அந்த ஊரில் 14 வருஷம் தலைகுனிந்து நடந்தவன் அவன்தான். இவனாவது தெரிந்தவர்கள் யாரும் இல்லாத இடத்தில் இருந்தான்.

ராத்திரி ஷோ:
நடு வாசல், இந்த இழையில் வந்ததிலேயே உருப்படியான பதிவு உங்களுடையதுதான். 'ரெக்டிஃபை' என்று ஒரு அமெரிக்க சீரிஸ் 2013லிருந்து 2016வரை வந்தது, மரண தண்டனைக் கைதியாக 19 வருஷம் இருந்தவன் வீட்டுக்கு வருகிறான் (ழான் வல்ழானுக்கும் 19தான், வேண்டுமென்றே வைத்தார்களா தெரியாது). முதல் சீசன் 6 எபிசோட், வெளியே வந்த முதல் வாரத்தைக்கூடத் தாண்டாது. துப்பாக்கிச் சண்டை கிடையாது. இவன் காலையில் எழுந்து என்ன செய்வான் என்பதே பதற்றமாக இருக்கும். முன்கோபிக்குப் பிடிக்காது, தெரியும் :)

முன்கோபி:
பார்த்தேன், ரெண்டு எபிசோடில் தூங்கிவிட்டேன். ஆனால் தம்பி மேட்டர் நல்ல மேட்டர்தான். தம்பி அண்ணனைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி வைத்தால்?

பழைய ரீல்:
அதற்கு 'சுப்ரமணியபுரம்' ஞாபகம் வருகிறது. 2008இல் ஜெயில் வாசலில் ஒருத்தன் வெளியே வருகிறான், வந்ததும் குத்துகிறார்கள். அங்கிருந்து கதை 1980க்குப் போகிறது. வெளியே வந்தவன் ஹீரோ என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், கடைசியில் பார்த்தால் அவன் கூட்டாளியைக் காட்டிக்கொடுத்தவன். ஊர் எதையும் மறக்கவில்லை, அவன் திரும்பி வரும்வரை காத்துக்கொண்டிருந்தது. மசிப்பேனா கதையில் இதற்கு நேர் எதிரான வில்லங்கம் இருக்கிறது, ஆனால் அதை அவர் பயன்படுத்தவே இல்லை. இவன் காட்டிக்கொடுக்கவில்லை. அதனால் கூட்டாளி பெரிய மனிதன் ஆனான், காவலாளி குடும்பத்துக்கு முழு உண்மை தெரியாமல் போனது, அந்தப் பெண் கொலைக்கூட்டத்தில் ஒருத்தனிடமே சம்பளம் வாங்குகிறாள். கதை இதை விசுவாசம் என்று கொண்டாடுகிறது. எனக்கு அவனுடைய இரண்டாவது குற்றம் இதுதான். கம்பியால் அடித்தது ஒரு நொடி. வாயை மூடிக்கொண்டு இருந்தது 14 வருஷம்.

மசிப்பேனா:
இதைப் படித்துவிட்டு எழுந்து நடந்துவிட்டு வந்தேன். அவன் வாயைத் திறக்காதது அவனுடைய பெருமை என்றுதான் முழுக்க எழுதியிருக்கிறேன். ஜெயிலில் அவனுக்கு மரியாதை கிடைப்பதே அதனால்தான்.

பழைய ரீல்:
அதை மாற்ற வேண்டாம், பெருமையாகவே வைத்திருங்கள். ஊருக்கு வந்தபிறகுதான் அந்தப் பெருமைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று அவன் பார்க்க வேண்டும்.

மார்ஜின்:
தாமதமாக வருகிறேன். ஜெர்மன் எழுத்தாளர் டோப்ளினின் 'பெர்லின் அலெக்ஸாண்டர்பிளாட்ஸ்' (1929) யாரும் சொல்லவில்லையே. காதலியை அடித்துக் கொன்றதற்காக 4 வருஷம் டேகல் சிறையில் இருந்தவன் வெளியே வருகிறான். வாசலில் நிற்கும்போதே தண்டனை தொடங்குகிறது என்று எழுதுகிறார். டிராமில் ஏறினால் கூரைகள் சரிந்து மேலே விழுந்துவிடும் என்று பயம். யோக்கியமாக இருப்பேன் என்று சபதம் வேறு. வெளியே வந்தவன் செத்தவளுடைய அக்காதங்கையைத் தேடிப் போகிறான், நாம் மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று நினைப்போம், போய் அவளைப் பலாத்காரம் செய்கிறான். அதற்குப் பிறகும் அவன் தன்னை நல்லவனாக மாறிக்கொண்டிருப்பவன் என்றே நம்புகிறான். படிக்கிறவனுக்குக் கைகால் நடுங்கும். அவ்வளவு இருட்டாக எழுதச் சொல்லவில்லை. ஆனால் 'பாதிக்கப்பட்டவர்களைத் தேடிப் போவது' என்பதே நல்ல காரியம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம் பாருங்கள், அதைக் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். உங்கள் ஆள் எதற்காக அந்தப் பெண்ணின் பக்கத்தில் சுற்றுகிறான்? அவளுக்கு உதவவா, தன் பாரத்தை இறக்கவா? பல நாடுகளில் பரோலில் வருகிறவன் பாதிக்கப்பட்ட குடும்பத்தை நெருங்கக்கூடாது என்றே நிபந்தனை போடுவார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது.

ராத்திரி ஷோ:
பரோல் என்றதும் 'ஸ்ட்ரெய்ட் டைம்' (1978). டஸ்டின் ஹாஃப்மன். மூல நாவலை எழுதிய எட்வர்ட் பங்க்கர் தானே ஜெயிலில் இருந்தவர், அதனால் அதில் வில்லன் எந்தத் தாதாவும் இல்லை, பரோல் அதிகாரிதான். கெட்டவர்கூட இல்லை, சிரித்துக்கொண்டே கேவலப்படுத்துகிற ஆள். ஒரு அறை, ஒரு வேலை, ஒரு கையெழுத்து, எல்லாவற்றுக்கும் அவர் முன்னால் நிற்க வேண்டும். இழுக்கிற நடுப்பகுதிக்கு இந்த மாதிரி ஒரு ஆள் போதும்.

அந்தி வாசகி:
தலைப்புக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், சாகக்கூடாது. அவன் செத்தால் யாருக்கு வசதி? அவளுக்கு இல்லை. அப்பாவைக் கொன்றவன்தான் தன்னைக் காப்பாற்றினான் என்று தெரிந்த நொடியில் அவன் செத்துப்போய்விட்டால், அவள் கத்தவும் முடியாது, கேட்கவும் முடியாது, துப்பவும் முடியாது. செத்தவன்மீது கோபப்பட ஊர் விடாது. நன்றி சொல்ல வேண்டிய கட்டாயத்தில் அவளை மாட்டிவிட்டுப் போகிறான். அப்பாவைக் கொன்றபோது அவளிடம் கேட்கவில்லை, இப்போது அவள்மீது ஒரு கடனையும் ஏற்றிவிட்டான்.

கடைசி வரிசை:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சாவு சிலசமயம் நியாயமான கணக்கு. அவன் உயிரோடு இருந்து, பதினைந்து வருஷம் கழித்து ஊரில் பெட்டிக்கடை வைத்து, எல்லாரும் 'அவர் மாறிட்டாருப்பா' என்று சொல்வது எனக்கு இன்னும் அருவருப்பு. காவலாளிக்குப் பெட்டிக்கடை வைக்கிற வாய்ப்பு இல்லையே.

அந்தி வாசகி:
பெட்டிக்கடை வைக்கச் சொன்னது யார்? போய் உண்மையைச் சொல்லட்டும், இரண்டாவது கூட்டாளியையும் சேர்த்து. மறுபடி வழக்கு, மறுபடி சாட்சிக்கூண்டு, அந்த வீட்டுக்கு மறுபடி போலீஸ் வரும். அவள் அதை விரும்புகிறாளா என்று முதலில் கேட்கட்டும். வேண்டாம் என்று அவள் சொன்னால் என்ன செய்வான்? அங்கே உங்களுக்கு மூன்று எபிசோட் இருக்கிறது.

நடு வாசல்:
அவள் வேண்டாம் என்று சொல்வதற்கு வாய்ப்பு அதிகம். வேலை போய்விடும், அம்மா இருக்கிறாள். கோபம் சாயங்காலம் வேலை முடிந்து வந்த பிறகுதான் வரும்.

மசிப்பேனா:
இப்படி வைக்கலாம் என்று பார்க்கிறேன். அவன் யார் என்பது அவளுக்கு மூன்றாவது எபிசோடிலேயே தெரியும், அவன் சொல்லி இல்லை, தம்பி போய்ச் சொல்லிவிடுகிறான். அண்ணன் மீண்டும் ஏதாவது செய்து வைப்பதற்குள் முந்திக்கொள்ள வேண்டும் என்று. அதனால் முன்கோபி கேட்ட துரோகமும் வந்துவிடுகிறது. தெரிந்த பிறகும் அவள் முதலாளியிடம் போக மாட்டாள், போலீஸிடமும் போக மாட்டாள். அவனைப் பயன்படுத்திக்கொள்வாள். கள்ளக்கணக்கு அவள் தற்செயலாகப் பார்த்ததாக இருக்காது, தேடி எடுத்ததாக இருக்கும். ஏழாவது எபிசோட் சந்தேகத்தை எடுத்துவிடுகிறேன், அடித்தது அவன்தான். ஆனால் @அந்தி வாசகி, அவன் சாவதை விட மாட்டேன். அதை ஐந்தாவதுக்குக் கொண்டுவருகிறேன். மீதி மூன்று எபிசோட் அவன் இல்லாமல் நடக்கும், அவளும் தம்பியும்தான்.

முன்கோபி:
ஹீரோவை அஞ்சாவதிலேயே போட்டுத்தள்ளினால் எந்தத் தயாரிப்பாளர் பணம் போடுவார் பாஸ்? :)

அந்தி வாசகி:
ஐந்தாவதில் என்றால் எனக்குச் சம்மதம். அப்படியானால் அவன் எப்படிச் சாகிறான் என்பதில் அவளுக்குக் கை இருக்கிறதா இல்லையா, அதை முதலில் முடிவு செய்துவிட்டு எழுத உட்காருங்கள். தம்பி மனைவியையும் விட்டுவிடாதீர்கள், பிணம் எந்த வீட்டுக்கு வரும் என்று அவள்தான் சண்டை போடப் போகிறாள்.